மடக்காத குடை

பண்டாரவளை,
கல்லறைத் திருநாளுக்கு முந்திய நாள்

அக்கா,

எதை எழுத உட்கார்ந்தாலும் முதலில் வரிசை போட்டுக்கொள்ளும் பழக்கம் எனக்கு இன்னும் போகவில்லை. "கடிதாசி எழுதுறியா, பாடக் குறிப்பு எழுதுறியா?" என்று கேட்டுச் சிரிப்பாய். சிரித்துக்கொள். இந்த மடலில் சொல்ல நினைப்பவை இவை:

1. உன் குடை.
2. நாம் இருவரும் போவதாக இருந்து, நான் மட்டும் போய்ப் பார்த்த அமெரிக்கா.
3. அங்கே மழையில் நான் செய்த காரியம்.
4. பங்களா வழி. நாளைக் காலை அங்கே நான் செய்யப்போவது.
5. நம் இருவரில் பயந்தவன் நான், பயமே அறியாதவள் நீ என்பது.

உன் குடை என் மேசையோரம் விரிந்து கிடக்கிறது. இரண்டு நாளாக மழை. காலையில் சந்தைக்கு அதைத்தான் கொண்டுபோனேன். திரும்பி வந்து காயவைத்தபோது ஈரத்துணியிலிருந்து உன் பையின் வாசனை எழுந்தது. டெட்டோல், வேப்பெண்ணெய், கொஞ்சம் பால் பவுடர். நாற்பது வருடத்துக்கு மேல் தேயிலைத் தோட்டத்து மருத்துவிச்சியாக இருந்தவளின் குடை வேறு எப்படி மணக்கும்? ஒரு கம்பி ஒடிந்து, நீ நூலால் கட்டிய கட்டு அப்படியே இருக்கிறது. மாற்றலாம் என்று கடைக்காரன் சொன்னான். வேண்டாம் என்றேன்.

குடை என்றதும் அப்பாவும் நினைவுக்கு வருகிறார். நாம் சின்னவர்களாக இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து மாதா கோயிலுக்கு நடந்துபோகிறோம். அப்பாவின் குடைக்குள் நான். உனக்கு இடம் போதாமல் சேம்பு இலை ஒன்றைத் தலைக்குப் பிடித்துக்கொண்டு வருகிறாய். வளைவில் தோட்டத்துத் துரையின் குதிரை. அப்பா குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்தார், தலைத்துண்டை எடுத்தார், பாதையோரத்து வடிகால் கானுக்குள் தண்ணீர் ஓட ஓட இறங்கி நின்றார். நானும் இறங்கினேன். யாரும் சொல்லவில்லை, என் கால்களுக்கே தெரிந்திருந்தது. நீ மட்டும் பாதையில் நின்றாய், தலைக்கு மேல் சேம்பு இலையோடு. துரை நம் மூவரில் யாரையும் பார்க்காமல் போய்விட்டார்.

கோயில் வாசலில் அப்பா குடையை உதறினார். பிறகு உன்னிடம் கேட்டார்: "தொர பாத்திருந்தா என்னா ஆயிருக்கும்?"

"நனையாத ஒரு புள்ளையப் பாத்திருப்பாரு" என்றாய்.

எனக்கு அப்போது விளங்கியது உன் துணிச்சல் அல்ல, அப்பாவின் பயம். நான் அப்பாவின் பிள்ளை. பிறகு படித்தேன், பண்டாரவளையில் கணித ஆசிரியன் ஆனேன், கட்டிலில் படுத்துப் புத்தகம் வாசிக்கிற வாழ்க்கை வந்தது. ஆனாலும் அதிகாரிகள் இருக்கிற ஏதாவது ஒரு கந்தோருக்குள் நுழைந்தால் வாசலிலேயே செருப்பின் மேல் கண் போகும், கழற்ற வேண்டுமோ என்று. நீ தோட்டத்திலேயே இருந்தாய். துரைமார் மாறினார்கள். வெள்ளைத்துரை போய்க் கறுப்புத்துரை வந்தார். துரை பங்களாவின் முன்புல்லை யாரும் மிதிக்கக்கூடாது என்பது மட்டும் மாறவில்லை. கீழ்ப்பிரிவிலிருந்து மேற்பிரிவு லயத்துக்குப் போக, ஃபெக்டரியைச் சுற்றி, செங்குத்தான கல்படி ஏறித்தான் ஆகவேண்டும்.

மேற்பிரிவில் ஒருத்திக்கு இடுப்புவலி என்று ஆள் வந்த அந்தக் காலை, நீ நேராகப் பங்களாவின் முன்பாதையில் குடையை விரித்துக்கொண்டு ஏறினாய். வாட்சர் ஓடி வந்தார்.

"அம்மா, இந்தப் பக்கம் வரக்கூடாதுன்னு தெரியாதாங்க?"

"எனக்குத் தெரியும். வயித்துக்குள்ள இருக்கிற புள்ளைக்குத் தெரியல."

இதை நீ எனக்குச் சொன்னபோது வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தாய். பெரிய விஷயமாகவே சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து அது வழியாயிற்று. பிள்ளைத்தாய்ச்சிகளைத் தூக்கிக்கொண்டு அந்த வழியாக இறங்கினார்கள். பிறகு பள்ளிப் பிள்ளைகள். பிறகு, மேலே மயானத்துக்குப் போகும் சவப்பெட்டிகள். சென்ற வருடம் உன்னையும் அந்த வழியாகத்தான் கொண்டுபோனோம்.

வரிசை குலைகிறது. அமெரிக்காவுக்கு வருகிறேன்.

என் வீட்டுத் தொலைக்காட்சியில் நீ அதைப் பார்த்தது ஒரு மத்தியானம். வர்ஜீனியாவில் ஒரு பழைய நகரம். ஆங்கிலேயர் ஆண்ட காலத்து உடுப்போடு ஆட்கள் நடமாடுகிறார்கள், கொல்லன் இரும்பு அடிக்கிறான், ஒருத்தி மெழுகுவத்தி வார்க்கிறாள். "இதெல்லாம் நம்ம மலையில தேயிலை வைக்கிறதுக்கு முந்தியா?" என்று கேட்டாய். வெகுகாலம் முந்தி என்றேன். உடனே சொன்னாய்:

"அப்ப நான் அங்க போவணும் தம்பி. வெள்ளக்காரன் நம்மகிட்ட வர்றதுக்கு முந்தி எங்க போய்ப் பழகிட்டு வந்தான்னு பாக்கணும்."

என் மகள் வர்ஜீனியாவில் இருப்பது உனக்கு வசதியாகப் போயிற்று. தொலைபேசியில் அவளை நச்சரித்தாய். கடவுச்சீட்டு எடுத்தாய். அந்தப் படத்தில் படம் எடுத்தவனையே திட்டப்போகிறவள் போல இருக்கிறாய். பிறகு காய்ச்சல் வந்தது, பதுளை ஆஸ்பத்திரி, அவ்வளவுதான். பயணத்தை விட்டுவிடலாம் என்று மகளிடம் சொன்னேன். "அத்தைக்காக வாங்கப்பா. அவங்க பாக்க ஆசப்பட்டத நீங்களாவது பாருங்க" என்றாள். எனக்கு விமானம் பயம், அதிகாரிகள் பயம், ஓடுகிற படிக்கட்டு பயம். உன் குடையையும் பெட்டியில் வைத்துக்கொண்டு போனேன்.

முதலில் ஆற்றங்கரைக்குக் கூட்டிப்போனாள், ஆங்கிலேயர் முதன்முதலில் வந்து தங்கிய இடத்துக்கு. அந்தக் காலத்து மாதிரியில் கட்டிய மூன்று மரக்கப்பல்கள் நின்றன. ஒன்றில் ஏறிப் பார்த்தேன். அடித்தட்டில் நிமிர முடியவில்லை. தேயிலைக் கூலியாகக் கடல் தாண்டித் தலைமன்னாரில் இறங்கிய நம் பாட்டன் வந்த தோணியைப் பற்றி அப்பா சொல்வாரே, அதுதான் நினைவுக்கு வந்தது. கரையில் மரக்கம்புகள் நட்ட கோட்டை, கூரை வேய்ந்த குடிசைகள், ஒரு சிறு தேவாலயம். சற்றுத் தள்ளி, அவர்கள் வருமுன்பே அங்கிருந்த மக்களின் நாணல்பாய் வேய்ந்த வீடுகள். அப்புறம் புகையிலைப் பாத்தி. பாத்தியருகே நெடுநேரம் நின்றேன். நடந்து பார்த்து இடைவெளி சரியா என்று கணக்குப் போட்டேன், பழக்கதோஷம். கப்பல் கூலிக்கு ஈடாக வருடக்கணக்கில் உழைக்க ஒப்பந்தத்தில் கைச்சாத்திட்டு வந்த ஏழை வெள்ளையரைப் பற்றியும், பிறகு கப்பலில் பிடித்துக்கொண்டு வரப்பட்ட ஆப்பிரிக்கரைப் பற்றியும் ஒரு பலகையில் எழுதியிருந்தது. ஒரு பயிர், அதற்கு ஒரு கரை, அதற்கு ஆட்கள், ஆட்களுக்கு ஒரு வரிசைக் குடிசை. ஆமாம் அக்கா, இங்கேதான் பழகியிருக்கிறார்கள். நாம் அடிமைகள் அல்ல, அவர்கள் பட்டது நாம் பட்டதல்ல. அதையும் இதையும் ஒன்றாக்கக் கூடாது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். ஆனால் பாத்தியின் ஒழுங்கு எனக்குத் தெரிந்த ஒழுங்கு.

மறுநாள் நீ தொலைக்காட்சியில் பார்த்த நகரம். அங்கேதான் மூன்றாவது நடந்தது.

மழை தூறிக்கொண்டிருந்தது. அகலமான மண்பாதை. மகள் கோப்பி வாங்கப் போயிருந்தாள். உன் குடையை விரித்துக்கொண்டு ஓரமாக நடந்தேன். பின்னால் குளம்புச் சத்தம். திரும்பினால், உயரமான குதிரைமேல் ஒரு வெள்ளைக்காரர். நீண்ட கோட்டு, முழங்கால் வரை பூட்ஸ், மூன்று முனைத் தொப்பி. வேடம்தான். காலையிலிருந்து அப்படிப் பத்துப் பேரையாவது பார்த்திருந்தேன். இருந்தும் என்ன நடந்தது என்று எனக்கே தெரியவில்லை. குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்தேன். கம்பளித் தொப்பியைக் கழற்றினேன். பாதையோரத்து வாய்க்காலில் தண்ணீருக்குள் இறங்கிக் குனிந்து நின்றேன்.

சப்பாத்துக்குள் தண்ணீர் ஏறியபோதுதான் எங்கே நிற்கிறேன் என்று விளங்கியது. சுற்றி நின்றவர்கள் நானும் வேடக்காரர்களில் ஒருவன் என்று நினைத்தார்கள் போலும். ஒரு பெண் கைதட்டினாள். ஒருவர் படம் எடுத்தார். குதிரைக்காரர், பாவம், திகைத்துப்போனார். தம் தொப்பியைக் கழற்றி, "ஐயா, உடம்பு சரிதானே?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். தொப்பியை நெஞ்சோடு பிடித்தபடி தலையாட்டினேன்.

ஒரு சமையற்கட்டின் பின்வாசலிலிருந்து கறுப்பினப் பெண் ஒருவர் இறங்கி வந்தார். அந்தக் காலத்து வேலைக்காரி உடுப்பு, இடுப்பில் வெள்ளை ஏப்ரன். பெரிய வீடுகளில் அடிமைகளாய் இருந்தவர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று வருகிறவர்களுக்குச் சொல்வது அவர் வேலை. கை கொடுத்து என்னைத் தூக்கிவிட்டார். "எந்த ஊர்?" என்றார். சொன்னேன். தேயிலைத் தோட்டம் என்றும் சொன்னேன்.

"இப்படி இறங்கி நிற்க யார் சொல்லிக் கொடுத்தது?"

"யாரும் சொல்லித் தரவில்லை. அப்பாவைப் பார்த்தது."

அவர் சிரிக்கவில்லை. என் கக்கத்திலிருந்து குடையை எடுத்தார், கம்பியில் நூல் கட்டியிருப்பதைப் பார்த்து மெதுவாக விரித்தார், என் கையில் கொடுத்தார். பிறகு சமையற்கட்டிலிருந்து பெரிய வீட்டுக்குப் போகும் பின்வழியைக் காட்டினார். சுடச்சுடச் சாப்பாட்டைத் தூக்கிக்கொண்டு அடிமைகள் அந்த வழியாக மட்டும்தான் நடக்கலாமாம். "தினமும் இதை எல்லோருக்கும் சொல்கிறேன். ஆனால் காலையில் வேலைக்கு வரும்போது, இதே உடுப்போடு முன்வாசல் வழியாகத்தான் வருவேன். நானே வைத்துக்கொண்ட ஒழுங்கு அது" என்றார்.

மகள் கோப்பியோடு வந்து, நனைந்த காற்சட்டையைப் பார்த்து, "என்னாப்பா, ஆத்துல விழுந்தீங்களா?" என்றாள். வழுக்கிவிட்டது என்றேன். அன்று வண்டியில் வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் அந்தக் கைதட்டல் காதில் இருந்தது. எழுபத்தைந்து தாண்டிய பிறகும், துரையே இல்லாத நாட்டில், வேடம் போட்ட ஒருவருக்கு நான் கானில் இறங்கினேன். இனி இறங்கமாட்டேன் என்று சொல்லிக்கொண்டேன். சொல்லிக்கொள்வது எனக்குச் சுலபம்.

ஊர் திரும்பிய வாரமே மரியாயி தொலைபேசியில் அழைத்தாள். உன் பையைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக உன்னோடு வந்தவள். இப்போது அவளுக்கும் முழங்கால் வலி.

"சேர், பங்களாவுல கேட் போட்டுட்டாங்க. நம்ம வழி இல்லயாம்."

பங்களா சுற்றுலா விடுதியாகிச் சில வருடம் ஆகிறது. புதிதாக ஒரு முகாமையாளர் வந்திருக்கிறார். விருந்தினருக்கு இடைஞ்சல் என்று வழியை மூடிவிட்டார். மயானத்துக்குப் போவதானால் பழையபடி ஃபெக்டரியைச் சுற்றிக் கல்படி ஏறவேண்டும். மரியாயி அந்தப் படியில் ஏறமாட்டாள். அவள் மட்டுமா? உன்னிடம் பிள்ளை பெற்றவர்கள் எல்லோருக்கும் இப்போது முழங்கால் போய்விட்டது. நாளை கல்லறைத் திருநாள், எல்லோரும் பூவோடு மயானத்துக்குப் போகிற நாள். மூன்று பேர் வந்து என்னிடம் சொன்னார்கள், "நீங்கதான் படிச்சவங்க, நீங்க கேளுங்க சேர்." மரியாதையாக ஒரு விண்ணப்பம் எழுதினேன். மாற்றுவழி நன்றாக இருக்கிறது என்று மரியாதையாகப் பதில் வந்தது.

நாளைக் காலை அந்தக் கேட்டடிக்குப் போகப்போகிறேன். குடை விரித்தபடி. இந்த முறை விண்ணப்பம் இல்லை. என்ன பேசவேண்டும் என்று நான்கு வரி எழுதிச் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன். அதை மூன்று முறை வாசித்துப் பார்த்துவிட்டேன். நீ இருந்தால் வேர்க்கடலை தின்றுகொண்டே போயிருப்பாய்.

*

கல்லறைத் திருநாள், பின்னேரம்

பஸ்ஸை விட்டு இறங்கும்போதே மழை. நமுனுகுல மலை தெரியவேயில்லை. கேட்டடியில் மரியாயியும் ஏழெட்டுப் பேரும் பூவும் மெழுகுவத்தியும் பொலித்தீன் பையில் சுற்றி வைத்துக்கொண்டு நின்றார்கள். உள்ளே காவலுக்கு நின்றது யார் தெரியுமா? மேற்பிரிவு ராசையா. நீ அன்று பங்களா வழியாக ஓடிப்போய்ப் பிரசவம் பார்த்த அதே பிள்ளை. அவனுக்கே இப்போது பேரப்பிள்ளை இருக்கிறது.

"என்னா ராசையா, என்னையே தடுக்கிறியா?" என்றாள் மரியாயி. "நீ பொறந்த அன்னைக்கு ஒன்னக் கழுவுனது நான்தான்டா."

"அக்கா, அத மொதலாளிகிட்ட சொன்னா சம்பளம் கூட்டுவாரா? எனக்கு வேல இதுதான்க்கா."

முகாமையாளர் வந்தார். இளைஞர், நல்ல பிள்ளை மாதிரித்தான் இருந்தார். அவருக்குப் பின்னால் ஒருவன் பெரிய விடுதிக் குடையைப் பிடித்துக்கொண்டு வந்தான். மேலே விறாந்தையில் வெளிநாட்டு விருந்தினர் தேநீர்க் கோப்பையோடு எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சொன்னால் நம்பமாட்டாய், அவர் நெருங்க நெருங்க என் கட்டைவிரல் குடையின் விசையைத் தேடிப் போயிற்று. என் இடது கால் பின்னால் நகர்ந்தது. பின்னால் கான் இருந்தது, எனக்குப் பார்க்காமலே தெரியும். காலைத் திரும்ப எடுத்துப் பாதையில் வைத்தேன். குடை விரிந்தபடியே இருந்தது. சட்டைப்பையில் வைத்த நான்கு வரி நனைந்து கூழாகியிருந்தது.

"வணக்கம் சேர். நான் பதில் அனுப்பினேனே" என்றார்.

"கிடைத்தது. என் அக்கா மேலே இருக்கிறார். நாங்கள் இந்த வழியாகப் போகிறோம்."

"கெஸ்ட்டுங்க இருக்காங்க சேர். அவங்களுக்குத் தொந்தரவு."

"அவர்கள் தேநீர் குடிக்கட்டும். நாங்கள் சத்தம் போடமாட்டோம்."

அவர் யோசித்தார். "சரி சேர், பெரியவங்க கேக்கிறீங்க. இன்னைக்கு மட்டும்."

மரியாயி உள்ளே போகக் காலை எடுத்துவிட்டாள். எனக்கும் போதும் என்றுதான் இருந்தது, அக்கா. 'நன்றி' என்று வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அதைச் சொல்லியிருந்தால், அடுத்த ஞாயிற்றுக்கிழமை மரியாயி கல்படியடியில் உட்கார்ந்திருப்பாள்.

"இன்றைக்கு மட்டும் என்று நான் கேட்கவில்லை, தம்பி" என்றேன். "இது நாற்பது வருடத்துக்கு மேல் ஆட்கள் நடந்த வழி. செத்தவர்களைத் தூக்கிக்கொண்டு போன வழி. அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் வருவேன். அதற்கடுத்ததும் வருவேன். ஒவ்வொரு தடவையும் உங்களை மழையில் கூப்பிட எனக்கு விருப்பமில்லை."

என் குரல் நடுங்கியது. எல்லோருக்கும் கேட்டிருக்கும். அவர் என்னைப் பார்த்தார். நானும் குடைக்குள் நின்றபடி பார்த்தேன். அப்போதுதான் கேட் கிறீச்சிட்டது. முழுவதுமாகத் திறந்திருந்தது. ராசையா அதைச் சுவரோடு சேர்த்துக் கொக்கி மாட்டிக்கொண்டிருந்தான்.

"காத்து சேர்" என்றான் முகாமையாளரிடம், காற்றே இல்லாத மழையில். "புடிச்சுக்கிட்டு நிக்க முடியல. கொக்கி போட்டாத்தான் நிக்குது."

முகாமையாளருக்குச் சிரிப்பு வந்ததா கோபம் வந்ததா என்று தெரியவில்லை. "மேல கேட்டுத்தான் சொல்லணும்" என்றார். "கேளுங்கள். நான் ஞாயிற்றுக்கிழமை வருகிறேன்" என்றேன். நாங்கள் உள்ளே நடந்தோம். ஆகவே முடிந்துவிட்டது என்று எழுதமாட்டேன். முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டு வைத்திருக்கிறேன். அதற்குப் பிந்திய ஞாயிறு அமெரிக்காவிலிருந்து மகளும் வருகிறாள். வரும்போது நல்ல சப்பாத்து போட்டுக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன்.

விறாந்தையைக் கடக்கும்போது மரியாயிக்கு முழங்கால் வலித்தது. என் கையைப் பிடித்துக்கொண்டாள். நாலு எட்டு வைத்ததும் என் முகத்தைப் பார்த்தாள்.

"என்னா சேர், உங்க கையும் அம்மா கை மாதிரியே இருக்கு."

"எந்த அம்மா?"

"நம்ம மிட்வைஃப் அம்மாதான். இந்த எடம் வந்தாப் போதும், என் கையப் புடிச்சுக்குவாங்க. ஐஸ் மாதிரி சில்லுன்னு வேர்த்துக் கெடக்கும். மொதத் தடவ மட்டும் இல்ல சேர், ரிட்டயராகுற வரைக்கும். 'யாருகிட்டயும் சொல்லிப்புடாத மரியாயி, என் தம்பி சிரிப்பான்'ம்பாங்க. பங்களா தாண்டுனதும் கைய விட்டுட்டு வேர்க்கடலைய எடுப்பாங்க."

மயானம் வரை அவள் கையை நான் விடவில்லை. உன் சிலுவையைச் சுற்றிப் புல் மண்டியிருந்தது. பிடுங்கினேன். மரியாயி மெழுகுவத்தி ஏற்ற, அணையாமல் உன் குடையைப் பிடித்தேன்.

நான் சிரித்திருக்கமாட்டேன், அக்கா. நீ சொல்லியிருக்கலாம். நான் உன்னைப்போல ஆக முடியாது என்று அறுபது வருடம் ஒதுங்கி நின்றேன். உன் கையை ஒருமுறை பிடித்திருந்தால் போதும், விளங்கியிருக்கும். வாத்தியார் வேலையில் பிழையை அழிக்காமல், பக்கத்தில் திருத்தம் எழுதச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அதனால் மேலே எழுதிய வரிசையை அப்படியே விடுகிறேன். முதல் நான்கும் சரி. ஐந்தாவது பிழை.